கால் இல்லாத கும்மி

தம்பி,

கையில் இன்னும் எரு வாடை போகவில்லை. வேப்பிலை போட்ட தண்ணீரில் கழுவியும் போகவில்லை. ஊரில் காப்புக் கட்டி முளைப்பாரி போட்டாகிவிட்டது. முத்திருளாயி சித்தி வீட்டுப் பின்னறையில் ஓடுகளை வரிசையாக வைத்து, வைக்கோலும் ஆட்டெருவும் பரப்பி, ஊறவைத்த பயறும் சோளமும் தூவி, வெளிச்சம் நுழையாமல் கதவுச் சந்துக்குச் சாக்கு அடைத்துவிட்டு வெளியே வந்து இடுப்பை நிமிர்த்தினேன். அந்த நேரம் பார்த்துக் கோயில் வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் என் குரல் கேட்டது.

என் குரல்தான். கல்யாணத்துக்கு முந்திய குரல். மூக்கால் பாடுகிறேன் என்று நீ கேலி செய்வாயே, அதே குரல். உன் கேசட்டுக்காக நாங்கள் ஐந்து பேர் பாடிய கும்மிப் பாட்டு. முதலில் உடம்பு சிலிர்த்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். அடுத்த வரிக்குள் வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. குரல் இருக்கிறது, குரலுக்குக் கீழே கால் இல்லை. நாங்கள் தரையை மிதித்த மிதி இல்லை. கைத்தட்டு இல்லை, வளையல் சத்தம் இல்லை. அந்த இடத்தில் எவனோ மெஷினில் தட்டிய டும் டும் டும். தண்ணீர் மோட்டார் ஓடுகிற மாதிரி ஒரே சீராக ஓடுகிறது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கடைசியில் குலவை வர வேண்டிய இடத்தில் குலவையும் இல்லை. பாட்டு அப்படியே தேய்ந்து தேய்ந்து காணாமல் போய்விட்டது.

கால் இல்லாமல் எப்படித் தம்பி கும்மி அடிப்பது? உன்னைத்தான் கேட்கிறேன். பதில் சொல்லும் இடத்தில் நீ இல்லை என்பது எனக்குத் தெரியும். அதற்காகக் கேட்காமல் விட்டுவிடுவேனா?

வீட்டுக்குப் போனதும் சென்னையில் இருக்கும் உன் மகளுக்குப் போன் போட்டேன். யாழினி குரலில் அப்படி ஒரு சந்தோஷம். “அத்தை, கேட்டுட்டீங்களா? ஒங்களுக்கு சர்ப்ரைஸா இருக்கட்டும்னுதான் சொல்லாம வச்சிருந்தேன்.” உன்னுடைய ‘சீமைக்கருவேல்’ ஆல்பத்தை ஒரு கம்பெனி புதுப்பித்து வெளியிட்டிருக்கிறதாம். இவளும் சரியென்று சொல்லிவிட்டாளாம். போனில் கிடந்த பழைய பதிவை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டார்களாம். இனிமேல் உலகம் முழுக்க இதைத்தான் கேட்குமாம்.

“பழசுல ஒரே இரைச்சல் அத்தை. கம்ப்யூட்டர்ல போட்டு ஒங்க குரல மட்டும் தனியாப் பிரிச்சு எடுத்திருக்காங்க. எவ்வளவு சுத்தமா இருக்கு பாத்தீங்களா?”

“எதடி இரைச்சல்ங்குற?”

“அதான் அத்தை, கீழ ஏதோ திடுதிடுன்னு கேக்குமே.”

“அது நாங்கடி” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அவளைச் சொல்லி என்ன செய்ய? பாட்டுப் பதிவானபோது அவள் பிறக்கவே இல்லை. சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியவன் நீ. பெற்ற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, “இது ஒங்க அத்தை கால், இது முத்திருளாயி அப்பத்தா கால்” என்று ஒருநாள் சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லமாட்டாய். எதையும் சொல்லமாட்டாய். சிரிப்பாய். உன் சிரிப்பைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு ரத்தக்கொதிப்பே வந்தது என்று டாக்டரிடம் ஒருமுறை சொன்னேன், அவரும் சிரித்தார்.

மதுரைக்குப் படிக்கப் போனவன் முதல் லீவுக்குக் கிடாரோடு வந்து நின்றாய். அய்யா மிளகாய்ப் பழம் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டு, “என்னலே இது, சொரக்காய்க்குக் கம்பி கட்டுன மாதிரி?” என்றார். “ஆமாய்யா, அப்படித்தான் இருக்கு” என்று நீயும் சேர்ந்து சிரித்தாய். வெள்ளைக்காரன் வாத்தியம் நமக்கு எதற்கென்று கேட்டவர்களுக்கெல்லாம் நீ கண்மாய்ப் பக்கம் கையைக் காட்டுவாய். “அந்தா நிக்கிதுல்ல சீமைக்கருவேல், அதுவும் சீமையில இருந்து வந்ததுதான். இப்ப அத வெட்டித்தான நம்ம வீட்டு அடுப்பு எரியுது? அடுப்புக்கு ஆகுறது பாட்டுக்கு ஆகாதா?” ஆல்பத்துக்கு அதையே பெயராகவும் வைத்தாய். நாலு சுவருக்குள் வளர்கிற ரோஜாவின் பெயரை வைக்காமல், எல்லாரும் திட்டுகிற முள்மரத்தின் பெயரை வைத்தாய். அது எனக்கு அப்போதே பிடித்திருந்தது. உன்னிடம் சொல்லவில்லை, சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வாய்.

அந்த ஒரு கேசட்டுக்காக நீ யார் யாரை இழுத்து வந்தாய்! நயினார்கோவில் தவில்காரர் வந்தார். தேவிபட்டினத்தில் கரைவலை இழுக்கிறவர்களை மீன் ஏலம் முடியும்வரை காத்திருந்து கூட்டி வந்தாய். நோன்பு மாதத்தில் தெருத்தெருவாகத் தாயிரா அடித்துப் பாடி ஆட்களை எழுப்புகிற பாவா ஒருவர் வந்தார். பாம்பன் பக்கம் மாதா கோயிலில் ஆர்கன் வாசித்த உன் சிநேகிதன் வந்தான். இத்தனைக்கும் நடுவில் உன் கிடார் காட்டுக்கத்தலாகக் கத்தியது. ‘ராக்’ என்றாய். எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் கேட்டால் உட்கார முடியவில்லை, எழுந்து ஏதாவது செய்யத் தோன்றியது. கேட்ட பெரிய மனிதர் ஒருவர், “என்னப்பா இது, கூட்டாஞ்சோறா?” என்று உதட்டைச் சுளித்தார். “கூட்டாஞ்சோறுதான் சார். திங்கும்போது எது யாரு வீட்டு அரிசின்னு தெரியவா செய்யுது?” என்றாய். அவரிடமும் அதே சிரிப்பு. நானாக இருந்தால் சோற்றுச் சட்டியையே அவர் தலையில் கவிழ்த்திருப்பேன்.

கும்மிப் பாட்டுக்காக முத்திருளாயி சித்தியிடம் போய் நீ நின்ற நிற்பை மறக்க முடியுமா? ஊரில் பாரிப் பாட்டு எடுத்துக்கொடுப்பது அவள்தான். “சித்தி, மதுரைக்கு வந்து ஒரே ஒரு பாட்டுப் பாடிட்டு வந்துருங்க.” அவள் வெற்றிலையை ஒரு கடைவாயிலிருந்து மறு கடைவாய்க்கு மாற்றினாள். “பாரி போடாமப் பாரிப் பாட்டா? ஊருக்கு ஆகாதுலே. சும்மா சும்மா பாட அது என்ன சினிமாப் பாட்டா?”

“அப்ப மதுரையில பாரி போட்டா?”

“போடு. போட்டா வாரோம்.”

உன்னை விரட்டுவதற்காக அவள் சொன்ன சொல் அது. நீ அதை வாக்காகப் பிடித்துக்கொண்டாய். ஆம்பளை பாரி வளர்க்கக் கூடாது, வளரும் பாரியைப் பார்க்கவும் கூடாது. ஆகவே வேலை என் தலையில் விழுந்தது. மதுரையில் சின்னம்மா வீட்டில் தங்கி, விரதம் இருந்து, அந்த ஸ்டுடியோவில் பழைய நாடாக்கள் அடைத்து வைத்திருந்த இருட்டறையில் பாரி வளர்த்தேன். காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கப் போவேன். ஸ்டுடியோக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, “இது ஸ்டுடியோவா, ஆட்டுக் கொட்டாயா?” என்று குதிப்பார். “இன்னும் கொஞ்ச நாள்தான் சார், மொளச்சிரும்” என்று நீ அவரைத் தட்டிக்கொடுப்பாய். ரெக்கார்டிங்குக்காகப் பயறு முளைக்கக் காத்துக்கிடந்த ராக் பாட்டுக்காரன் இந்த உலகத்தில் நீ ஒருவனாகத்தான் இருப்பாய்.

பாரி முளைத்து ஒரு சாண் வளர்ந்ததும் சித்தி மற்ற மூன்று பெண்களைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்தாள். சொன்ன சொல்லை மீறமாட்டாள். வெளிச்சத்தம் நுழையாத பெரிய அறை, பலகை போட்ட தரை. நடுவில் பாரியை இறக்கிவைத்தோம். பாரி இருக்கும் இடத்தில் ஆம்பளைக்கு என்ன வேலை என்று சித்தி உன்னையும் மைக் வைக்கிற இஞ்சினியரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டாள்.

இஞ்சினியர் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தினார். “மைக்க வாய்க்கு நேரா வைங்கம்மா!”

ஸ்டாண்டைத் தூக்கப் போன என் கையைச் சித்தி பிடித்தாள். “யாரு கேக்கப் பாடுறோம்? நம்ம கேக்கவா? சாமியில்ல கேக்கணும். அங்கன, பாரிகிட்ட வையி.” எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. பாரிப் பாட்டு பாரிக்குத்தானே? மைக்கைக் கழற்றி, ஓடுகளுக்குப் பக்கத்தில், பலகையோடு பலகையாகத் துண்டு விரித்துப் படுக்கவைத்தேன்.

பிறகு வட்டம் போட்டோம். கும்மி எப்படி ஆரம்பிக்கும் என்று உனக்குத் தெரியும், அடிக்கிற எங்களுக்கு எப்படி இருக்கும் என்பது தெரியாது. முதல் சுற்று, தண்ணீர்க் குடத்தோடு நடக்கிற நடை. அதன்பின் யாரும் சொல்லாமலேயே நடை கூடும். ஒருத்தி மூச்சை இன்னொருத்தி பிடிப்பாள். கால் விரைந்தால் கை விரையும், கை விரைந்தால் பாட்டு விரையும். கடைசிச் சுற்றில் பாடுகிறோமா, ஓடுகிறோமா, சாமி வந்துவிட்டதா என்று தெரியாது. குலவை போட்டுத்தான் நிறுத்த முடியும். குலவை போடாமல் வட்டத்தைக் கலைக்கக் கூடாது என்பது ஊர்க்கட்டு. ஏற்றிய பாட்டைக் குலவையில்தான் இறக்கிவைக்க வேண்டும்.

பாரியைத் துணியால் மூடிவிட்டுக் கதவைத் திறந்தால், இஞ்சினியர் தலையில் கைவைத்துக்கொண்டு நிற்கிறார். “எல்லாம் கால் சத்தம். வாய் எங்கேயோ தூரத்துல கேக்குது. திரும்ப எடுக்கணும்.” நீ தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, காதில் மாட்டியதைக் கழற்றாமல் அழுதுகொண்டிருந்தாய். அன்றுதான் நீ அழுது பார்த்தேன். “யக்கா, இந்த டிரம்ம யாரும் வாசிக்க முடியாதுக்கா” என்றாய். டிரம் எங்கேயிருக்கிறது என்று நான் சுற்றிப் பார்த்தேன், கூறுகெட்டவள்.

உன் டிரம்காரன் அந்தப் பாட்டோடு வாசித்துப் பார்த்துவிட்டுக் குச்சியைக் கீழே போட்டான். “ஓடுற பஸ்ல ஏறச் சொல்ற, என்னால முடியாது.” கடைசியில் எங்கள் காலையே தாளமாக வைத்துக்கொண்டு, உன் கிடாரை எங்களுக்குப் பின்னால் ஓடவிட்டாய். குலவை வரும் இடத்தில் கிடாரும் வாயைப் பிளந்து குலவை போட்டது. சித்தி அதைக் கேட்டுவிட்டு, “யாருடி அது ஆறாவது பொம்பள?” என்று கேட்டாள். அந்த வருடம் பாரியைக் கரைக்கலாம் என்று வைகைக்குப் போனால் ஆற்றில் மணல்தான் கிடந்தது. சேலையால் மூடி பஸ்ஸில் வைத்து, கண்டக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, நம் கண்மாய்க்கே கொண்டுவந்து சேர்த்தோம்.

கேசட் கம்பெனிக்காரர் எல்லாப் பாட்டையும் கேட்டார். இந்தப் பாட்டை மட்டும் தூக்கச் சொன்னார். அல்லது காலை எடுத்துவிட்டு ஒழுங்காக டிரம் போடச் சொன்னார். நானும் உன்னோடு வந்திருந்தேன், நீ வழக்கம்போல் சிரித்துத் தலையாட்டிவிடுவாய் என்றுதான் நினைத்தேன். நீ சிரிக்கவில்லை. காபி டம்ளரை மேசையில் வைத்தாய். “மத்ததெல்லாம் படிச்சு வாசிச்சது சார். இது ஒண்ணுதான் கேட்டு வாசிச்சது. இந்தப் பாட்டு இப்படியே வரும். இல்லாட்டி கேசட்டே வராது” என்றாய். உன் குரல் நடுங்கியது. அவர் உன்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சரியென்றார். உன் ஆயுளில் நான் பார்த்த ஒரே கோபம் அதுதான். அதைப் பார்த்த பிறகு உன்னைச் சிரிப்பாணி என்று யார் சொன்னாலும் எனக்கு அடிக்கத் தோன்றும்.

கேசட் ஓடவில்லை. ஊரில் ஒருவரும் சீந்தவில்லை. திருவிழாவில் ஒரு மணி நேரம் வாசிக்கிறேன் என்று கேட்டாய், சேது அண்ணன் இருக்கிறாரே, அப்போதும் கோயில் தலைவர் அவர்தான், “சாமி முன்னாடி இந்தக் கூத்தெல்லாம் வேணாம்ப்பா” என்றார். நீ ராமநாதபுரத்தில் டிவி ரிப்பேர் கடை போட்டு உட்கார்ந்தாய். வருடங்கள் போய், எங்கேயோ பட்டணத்துப் பிள்ளைகள் அந்தக் கேசட்டைத் தோண்டி எடுத்து, கிளாசிக் என்று எழுதினார்கள். “யக்கா, கிளாசிக்காம். பழசுன்னு நாகரிகமாச் சொல்றாய்ங்க” என்று அதற்கும் சிரித்தாய். கடையில் உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கோபம் தனியாக இருக்கிறது.

இப்போது பார், ஊர் முகப்பில் பேனர். ‘எங்கள் மண்ணின் மைந்தன்’ என்று உன் முகம் லாரி அகலத்துக்குச் சிரிக்கிறது. பக்கத்தில் கும்பிட்டபடி சேது அண்ணன். மண்ணின் மைந்தனாம்! மண்ணை மிதித்த சத்தத்தை இரைச்சல் என்று துடைத்துவிட்டு என்ன மைந்தன்? நேரே அவரிடம் போனேன். சத்துணவுக் கூடத்தில் வருடக்கணக்காகப் பிள்ளைகளை அதட்டிய தொண்டை, சும்மா விடுமா?

“அண்ணே, கும்மிக்கு அந்த ஸ்பீக்கர் பாட்டப் போடப் போறீகளாமே?”

“ஆமா தங்கச்சி. இப்ப உள்ள பிள்ளைகளுக்குப் பாட்டு எங்க தெரியுது? பாட்டு ஸ்பீக்கர்ல ஓடும், பிள்ளைக சுத்தி ஆடும். வீடியோ எடுக்க வெளியூர்ல இருந்து வாராங்க. ஒன் குரல்தான தாயி, ஒனக்குப் பெருமைதான?”

“பாரிப் பாட்ட பாரி போட்டவதான் பாடணும். மரத்துல கட்டுன குழாயா வெரதம் இருந்துச்சு?”

“ஒன் தம்பி பாட்டுக்கு நீயே குறுக்க நிக்கிறியே” என்றார். சுற்றி நின்றவர்கள், அதானே என்றார்கள். என் தம்பி பெயரைச் சொல்லியே என் வாயை அடைக்கிறார்கள். உன்னை மேடையில் ஏற்றாத வாய் அது. எனக்கு நாக்கில் வந்த வார்த்தைகளை இங்கே எழுதினால் பேனா நாறும். காப்புக் கட்டிய கையோடு சண்டை கூடாது என்று சித்தி இழுத்து வந்துவிட்டாள்.

அன்று எழுதியதைப் பாதியில் வைத்துவிட்டேன், மிச்சத்தை இன்று எழுதுகிறேன். கும்மி நாளுக்கு யாழினி வந்துவிட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் அவளைப் பார்க்கவில்லை. பொழுது சாயும் நேரம். ஊர்ப் பிள்ளைகள் ஒரே மாதிரிப் பாவாடை தாவணியில் கோயில் பொட்டலில் வட்டம் போட்டார்கள். யாழினியும் வட்டத்தில் நின்றாள். ஸ்பீக்கர் பாடியது, பிள்ளைகள் ஆடினார்கள். அழகாகத்தான் ஆடினார்கள், போலீஸ்காரர்கள் அணிவகுப்பு மாதிரி. முதல் சுற்றும் அதே வேகம், அடுத்த சுற்றும் அதே வேகம். ஒரு பிள்ளைக்கும் வேர்க்கவில்லை. நின்று பார்த்த பெண்களில் ஒருத்தி கொட்டாவி விட்டாள். சாமி முன்னால் கொட்டாவி!

பிறகு பாட்டு தேய ஆரம்பித்தது. தேய்ந்து, தேய்ந்து, இல்லாமல் போயிற்று. குலவை வரவில்லை. வீடியோக்காரன் கையை உயர்த்தி, “சூப்பர், முடிஞ்சது, கலையலாம்” என்றான். ஒரு பிள்ளையும் கலையவில்லை.

நான் சொல்லிக்கொடுக்கவில்லை, தம்பி. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. குலவை போடாமல் வட்டம் கலைக்கக் கூடாது என்பது மட்டும் அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது. பாட்டு இறங்கவும் இல்லை, நிற்கவும் இல்லை, எங்கே குலவை போடுவது என்று தெரியாமல் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி அழுகிற மாதிரி ஆகிவிட்டாள். “என்னம்மா, கலைங்க” என்று சேது அண்ணன் சொல்லிப் பார்த்தார். அசையவில்லை. “எப்படித் தாத்தா கலையிறது? பாட்டு முடியலையே” என்றது ஒன்று.

முத்திருளாயி சித்தி முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நடக்கவே மகளின் தோளைப் பிடிக்கிறவள், வட்டத்துக்குள் போய் நின்று வலது காலைத் தூக்கித் தரையில் ஒரு மிதி மிதித்தாள். “எடுடி பாட்ட” என்றாள் என்னைப் பார்த்து. எடுத்தேன். வெளிச்சம் பார்க்காத விதையே, வெளிய வாடி என் தாயே என்று முதலிலிருந்து எடுத்தேன். மெதுவாக, குடத்தோடு நடக்கிற நடையில். பிள்ளைகள் காலை வைத்தார்கள். மூன்றாம் சுற்றில் மண் கிளம்பியது. பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். கொட்டாவி விட்டவளும் வந்தாள். கடைசிச் சுற்றில் யாழினி என் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தாள், தலைமுடி அவிழ்ந்து, முகமெல்லாம் வேர்வை. குலவை போட்டோம். கண்மாய்க்கரைக் கொக்கு எல்லாம் எழுந்து பறந்தது.

மூச்சு வாங்கியபடி என் கையைப் பிடித்தாள். “அத்தை, கீழ கேட்ட அந்தத் திடுதிடு... இதா?”

“இதுதான்.”

“இதையா நான் தொடச்சேன்?” என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அதன்பிறகு எனக்கு அவள்மேல் கோபம் இல்லை. அவளுக்கு வைத்திருந்த பங்கும் சேர்த்து மற்றவர்கள்மேல் இருக்கிறது.

மறுநாள் காலை கம்பெனிக்குப் போன் போட்டு எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தாள். பழைய பாட்டை அப்படியே திரும்பப் போடுங்கள் என்றாள். அந்தப் பக்கம் ஒருவர் தேன் ஒழுகப் பேசினார். பழையதை இனிப் போட முடியாதாம், ஒரே தரத்தில்தான் எல்லாப் பாட்டும் இருக்க வேண்டுமாம். “ஒண்ணு பண்ணலாம் மேடம். உங்க அத்தைய ஒருநாள் இங்க கூட்டிட்டு வாங்க. கால் சத்தத்த மட்டும் தனியா எடுத்துக் கீழ சேத்துரலாம்.”

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. போனை வாங்கினேன். “கால மட்டும் எப்படித் தம்பி தனியாக் கொண்டாரது? வெட்டிப் பார்சல்ல போடவா?” அவர் பதறிப்போய், “ஐயோ, அப்படிச் சொல்லலம்மா. இதெல்லாம் உங்க தம்பிக்குச் செய்யுற மரியாதைம்மா” என்றார்.

“கால வெட்டிட்டு மால போடுறது எந்த ஊரு மரியாதை? எங்க கால் ஒங்களுக்கு வேணாம்னா எங்க குரலும் ஒங்களுக்கு இல்ல. ரெண்டும் ஒண்ணாப் பொறந்தது. குரல எடுத்துருங்க.”

“குரல எடுத்தா அந்தப் பாட்டே இருக்காதேம்மா!”

“இருக்க வேணாம்.”

யாழினி என்னைப் பார்த்தாள். கண்ணெல்லாம் தண்ணீர். அப்பா பாட்டு அத்தை, என்று உதடு அசைந்தது. பிறகு போனை என்னிடமிருந்து வாங்கி, “அத்தை சொன்னதுதான் சார். எடுத்துருங்க” என்றாள். குரல் நடுங்கியது. உன் மகள்தான், சந்தேகமில்லை.

நேற்றுப் பாரி கரைத்தோம். தலையில் பாரியைச் சுமந்துகொண்டு ஊரைச் சுற்றி, கண்மாயில் இறங்கி விட்டுவிட்டுக் கரையேறும்போது யாழினி போனைப் பார்த்துவிட்டு, “எடுத்துட்டாங்க அத்தை” என்றாள். உன் ஆல்பத்தில் தவில் பாட்டு இருக்கிறது, வலை இழுக்கிறவர்கள் பாட்டு இருக்கிறது, பாவா பாட்டு இருக்கிறது. கும்மி இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. என்னிடம் இருந்த கேசட்டும் பூஞ்சை பிடித்து எப்போதோ அறுந்துவிட்டது. ஈரச் சேலையோடு கரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். நீ கேசட்டே வேண்டாம் என்று நின்று காப்பாற்றிய பாட்டு, அதை நானே போகச் சொன்னேன். நீ பாட்டுக்குப் போய்விட்டாய், இந்த வேலையை என்னிடம் விட்டுவிட்டாய். நல்லா இருக்குலே உன் நியாயம்.

அழுதேனே தவிர, செய்தது தப்பென்று இந்த நிமிடம்வரை தோன்றவில்லை. இன்று காலை யாழினி அடுப்படியில் காபி போட்டுக்கொண்டே அந்தப் பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தாள், கால் தரையில் தன்னால் தட்டுகிறது. ஓடிப்போய் அவள் வாயைப் பொத்தினேன்.

“பாரி கரைச்சாச்சுடி. இனி அடுத்த ஆவணிக்குத்தான்.”

“அதுவரைக்கும் எங்கயுமே கேக்க முடியாதா அத்தை?”

முடியாது. ஒரு வருடத்துக்கு இந்த உலகத்தில் எந்தப் போனிலும், எந்தக் குழாயிலும் அந்தப் பாட்டு கேட்காது. காத்துக் கிடக்கட்டும். வாயை மூடிக்கொண்டு முழுசாக வைத்திருக்கிறேன், தம்பி, காலோடும் குலவையோடும்.

உன் அக்கா